ஒரு மூலை மட்டும் வெளுத்த பத்திக்

தம்பி,

உன் கலியாணத்தன்று பின்னேரம், பதிவுக்கு வெளிக்கிடும் நேரத்தில், நீ உன் அம்மாவை ஏசினாய். "ஒரு சொல்லுக் கேட்டிட்டுத் தோய்ச்சிருக்கலாமே அம்மா. மாசக்கணக்கா இருந்து கையாலை செய்த துணி" என்று, மணப்பெண் லெஸ்தாரியின் ஆட்களும் எங்கள் ஆட்களும் நிறைந்திருந்த அறையில் சொன்னாய். அம்மா ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் அதே துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற நானும் பேசவில்லை. அம்மாவின் மௌனமும் என் மௌனமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஜாவாவுக்குப் போய் மூன்று கிழமை ஆகிறது. போனில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். ஆனால் பாதியில் "சரி, விடுங்கோ அப்பா" என்று நீ முடித்துவிடுவாய். எழுதி அனுப்பினால் கடைசிவரை வாசித்தே ஆக வேண்டும்.

நான் யாரையும் நம்பாதவன் என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சிரிப்பாய். கடையில் வாங்கிய அரிசியை வீட்டில் மறுபடி நிறுப்பதையும், தபால்காரர் தந்த கடிதத்தின் உறை ஏற்கெனவே பிரித்து ஒட்டப்பட்டதா என்று தடவிப் பார்ப்பதையும் நீ கண்டிருக்கிறாய். சண்டைக்காலம் எங்களை இப்படி ஆக்கிவிட்டது என்று அம்மா மற்றவர்களிடம் சொல்லி என்னைக் காப்பாற்றுவார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற வருடங்கள் யாரையும் மாற்றும். ஆனால் என்னை அதிகம் மாற்றியது வவுனியாவில் நான் வேலை பார்த்த புடவைக்கடை. கடைத்தெருவில் அது இப்போது இல்லை, முதலாளியும் இல்லை. இருபத்தேழு வருடம் அந்த மேசைக்குப் பின்னால் நின்று துணி விரித்தேன்.

கொழும்பிலிருந்து, ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் சாரம் பெட்டி பெட்டியாக வரும். அதில் ஒரு வகை, கடும் மண்ணிறத்தில் பூவும் கொடியும் போட்டது. மெசினில் அச்சடித்த துணிதான். மெழுகால் கீறிச் சாயம் போடும் உண்மைப் பத்திக்கில், மெழுகு வெடித்து விழும் கோடுகளைக்கூட அந்த மெசினே போட்டுவிடும். முதலாளி அதை "இந்தோனேசியா பத்திக்" என்று சொல்லி விற்கச் சொன்னார். நான் அதற்கு மேலும் ஒரு படி போனேன். "இது அச்சில்லை அண்ணை, பொம்பிளையள் இருந்து மெழுகாலை கீறினது. ஒரு சாரத்துக்கு மூண்டு மாசம்" என்பேன். அப்படிச் சொல்லும்போது விரலால் ஒரு கோட்டைத் தடவிக் காட்டுவேன். ஆட்கள் அந்த விரலை நம்பினார்கள்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளின் கலியாணத்துக்கு, சம்பந்திக்குக் கொடுக்கவென்று அப்படி ஒன்று வாங்கிப் போனார். இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். சாயம் இறங்கிச் சம்பந்தியின் வெள்ளைச் சட்டை பாழாகியிருந்தது. "தம்பி, கையாலை செய்தது எண்டு சொன்னீங்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "துணியிலை பிழையில்லை. தோய்ச்சவைதான் பிழை விட்டிருக்கினம். கையாலை செய்த துணிக்குச் சவுக்காரத் தூள் போடலாமோ?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். வீட்டுக்குப் போய்த் தன் மனைவியை ஏசியிருப்பார் என்று அன்றே எனக்குத் தெரியும். அதன் பிறகு சாயம் போன துணியோடு யார் வந்தாலும் அதே பதில்தான்: தோய்த்தவர்கள் பிழை. எனக்கு அது நாக்கில் பழகிவிட்டது. வருடக்கணக்காக இப்படிப் பொய் சொன்னவனுக்கு மற்றவர்கள் சொல்வதும் பொய்யாகத்தான் கேட்கும். அரிசியை மறுபடி நிறுப்பது அப்போது தொடங்கியது.

கட்டாரிலிருந்து நீ போன் எடுத்து, ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்யும் ஒரு பிள்ளையை விரும்புகிறேன், ஜாவாக்காரி, அவளின் தாய் பத்திக் செய்கிறவர் என்று சொன்ன அன்று, அம்மா கேட்ட முதல் கேள்வி "பிள்ளை சாப்பாடு சமைக்குமோ?" என்பது. நான் மனதில் கேட்டது வேறு. பத்திக் என்ற சொல் காதில் விழுந்ததுமே, இது ஏதோ ஏமாற்று என்று எனக்குப் பட்டது. அந்தச் சொல்லை வைத்து நான் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன்!

பிறகு பெண் வீட்டார் கடிதம் கேட்டார்கள். உனக்கு இங்கே வேறு மனைவி இல்லை என்று, கிராம அலுவலரான விதானையாரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் கேட்டார்கள். நான் கொதித்துப் போனேன். "எங்களை ஆரெண்டு நினைச்சினம்? என்ரை பிள்ளையைக் கள்ளன் எண்டோ?" என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா கறி நறுக்கிக்கொண்டே, "பொம்பிளைப் பிள்ளையைக் கடல் கடந்து குடுக்கிற தாய். கேப்பா தானே" என்றார். இருந்தும் நான் வேண்டுமென்றே ஒன்றரை மாதம் இழுத்தடித்துத்தான் விதானையாரிடம் போனேன். கடிதம் ஏன் பிந்துகிறது என்று நீ கேட்டபோது, விதானையார் லீவு என்று சொன்னேன். அவர் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.

கடிதம் போய்ச் சில மாதங்களில், லீவில் வந்த உன் கூட்டாளி நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, லெஸ்தாரியின் தாய் அனுப்பிய பொதியைத் தந்தான். உள்ளே ஒரே மாதிரி இரண்டு துணிகள். கறுப்போ என்று நினைக்க வைக்கும் கடும் நீலம். அதன்மேல் மண்ணிறமும் பால்நிறமுமாகப் பொடிப்பொடிப் பூக்கள், வானத்தில் வெள்ளி பூத்த மாதிரி. மெழுகும் புகையும் கலந்த ஒரு மணம். அம்மா ஆசையாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "கலியாணத்துக்குக் கறுப்பை அனுப்பியிருக்கினம். இது செத்தவீட்டுத் துணியோ ஆருக்குத் தெரியும்?" என்றேன் நான். அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. உனக்குப் போன் எடுத்தேன். "அது கலியாணத்துக்குத் தாய் தகப்பன் கட்டுறதாம் அப்பா. ரெண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் ஒரே துணி கட்டுவினமாம்" என்றாய். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "லெஸ்தாரி" என்றாய். "அவள் சொல்லுவாள் தானே" என்று போனை வைத்தேன்.

எனக்குத் துணி தெரியும், தம்பி. அதுதான் வெட்கம். அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும்; இதைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே ஆழம். இப்போது இரண்டு பக்கமும் அடிக்கிற மெசின் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூக்களைப் பார்த்தேன். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒரு பூவின் இதழ் கொஞ்சம் தடிப்பு, அடுத்ததில் ஒரு புள்ளி குறைவு. அதையும் ஒரு தந்திரம் என்று நினைத்தேன். நம்புவதில்லை என்று முடிவெடுத்தவனுக்கு எந்தச் சாட்சியும் போதாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம், கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து வாளியில் ஊற்றி, இரண்டு கை சவுக்காரத் தூளைப் போட்டு, எனக்கென்று வந்த துணியின் ஒரு மூலையை அதற்குள் முக்கினேன். மிச்சம் நனையாமலிருக்க அதைக் கதிரையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மண்ணிறம் இறங்கியது. பிறகு நீலம், நூல் நூலாக. அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். உனக்குப் போன் எடுக்கக் கையைத் துடைத்தேன். இன்னொரு தரம் வாளியைப் பார்த்தபோது, தண்ணீரின் மேலே மெல்லிய ஏடாக ஏதோ மிதந்தது. விரலால் எடுத்து நசித்தேன். மெழுகு.

மெசின் அடித்த துணியில் மெழுகு ஏது? செய்தவர்கள் கடைசியில் கொதிக்கவைத்து மெழுகை எடுத்த பிறகும் நூலுக்குள் தங்கிய மெழுகு அது. சாயம் இறங்கியதும் கள்ளச் சாயம் என்பதால் அல்ல. மரப்பட்டையிலும் இலையிலும் எடுத்த சாயம், கொதிதண்ணியோடு தூளும் சேர்ந்தால் தாங்காது. இருபத்தேழு வருடம் நான் பொய்யாக விற்ற அந்தத் துணி, முதன்முறையாக உண்மையாக என் வீட்டுக்கு வந்திருந்தது. அதை நான் அவித்திருந்தேன்.

வாளியைக் கிணற்றடியில் கொட்டினேன். துணியைக் காயவைத்து, வெளுத்த மூலை உள்ளே போகும்படி மடித்து அலுமாரியில் வைத்தேன். அம்மா வந்து வாளியை எடுத்தார், வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் அம்மாவின் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, அக்கராயனில் எங்கள் வயலிலேயே கூலிக்கு நின்றவர். நான் உன் அம்மாவைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது என் தகப்பன் சம்மதித்தார், ஆனால் மனம் சம்மதிக்கவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் உன் தாத்தா எனக்கு ஒரு பட்டு வேட்டி கொண்டுவந்தார். என் தகப்பன் அதை வாங்கி, முற்றத்தில் வெயிலுக்குப் பிடித்து, நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கை எடுத்தது? நிவாரணத்திலை குடுத்ததோ?" என்று கேட்டார். தாத்தா சட்டைப்பையிலிருந்து கடைப் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார். அப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைத்து அதைக் கொண்டே வந்திருக்கிறார். தாத்தாவோடு வந்திருந்த அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நானும் நின்றேன். வாய் திறக்கவில்லை. அதற்காக என் தகப்பனைப் பல வருடம் மனதுக்குள் ஏசியிருக்கிறேன். அவராவது வெயிலில்தான் பிடித்தார்.

கலியாணத்துக்கு லெஸ்தாரியின் தாய் சுமியாத்தி, தன் தம்பியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோயிலில் தாலி கட்டி முடிந்து, பின்னேரம் பதிவுக்கு எங்கள் இருவருக்கும் தானே கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அம்மாவின் துணியை விரித்து மடிப்பு வைத்துக் கட்டினார். என்னுடையதை விரித்தபோது கை நின்றுவிட்டது. வெளுத்த மூலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு லெஸ்தாரியிடம் ஏதோ கேட்டார். லெஸ்தாரி, நீ சொல்லிக் கொடுத்த தமிழில், "அம்மா கேக்கிறா, இதுக்கு என்ன நடந்தது, மாமா?" என்றாள்.

யோசிக்க எனக்கு நேரமே தேவைப்படவில்லை. "இவ தெரியாமல் சவுக்காரத் தூளிலை ஊறப் போட்டிட்டா" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை உனக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. பிறகு சுமியாத்தியைப் பார்த்து, "ஓம்... தெரியாமல்" என்றார். அதற்குப் பிறகுதான் நீ ஏசினாய். சுமியாத்தி உன்னைக் கையால் மறித்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, அந்தத் துணியை எப்படித் தோய்க்க வேண்டும் என்று சைகையில் காட்டினார்: பச்சைத் தண்ணீர், தூள் வேண்டாம், கசக்க வேண்டாம், பிழிய வேண்டாம், நிழலில் காயவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாக. நாற்பது வருடமாக எங்கள் எல்லோருடைய உடுப்பையும் தோய்த்த மனுசி, அவ்வளவு பேருக்கு நடுவில், தோய்க்கத் தெரியாதவர்போல் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். படங்களில் என்னைப் பார். சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

நான்காம் நாள், நீங்கள் எல்லோரும் வெளிக்கிடுவதற்கு முதல் நாள், பின்வளவில் வேப்பமரத்துக்குக் கீழே எல்லோரும் இருந்தோம். நீ டிக்கெட் விஷயமாக வவுனியாவுக்குப் போயிருந்தாய். அதனால் இது உனக்குத் தெரியாது. சுமியாத்தி அம்மாவின் துணியை மடியில் விரித்து வைத்துக் கதை சொன்னார். லெஸ்தாரி சொல்லுக்குச் சொல் தேடித் தமிழில் தந்தாள். இந்தப் பூவுக்கு அங்கே துருந்தும் என்று பெயராம். முன்னொரு காலத்தில் அரசன் பாராமுகமாக விட்டுவிட்ட ஒரு ராணி, தனியே இருந்து வானத்து வெள்ளிகளைப் பார்த்துத் துணியில் கீறத் தொடங்கினாளாம். என்ன செய்கிறாள் என்று பார்க்க அரசன் வந்தானாம். துணி வளர வளர அவன் ஒவ்வொரு நாளும் வந்து, போன அன்பு திரும்பவும் முளைத்ததாம். அதனால்தான் கலியாணத்தில் பெற்றவர்கள் அதைக் கட்டுவது. மணமக்களுக்கு வேறு கோலம், பிள்ளை சுமக்கிற துணிக்கு வேறு, செத்தவரை மூடுகிற துணிக்கு வேறு. ஒன்றை மாறி ஒன்றைக் கட்டினால் அங்கே ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பிறகு அவர் துணியின் நடுவில் ஓர் இடத்தை விரலால் தொட்டார். "இஞ்சை பாருங்கோ, இஞ்சை புள்ளி மாறும்" என்றாள் லெஸ்தாரி. உண்மைதான். ஒரு வரிசை வரை புள்ளிகள் பொடியாக இருந்தன. அடுத்த வரிசையிலிருந்து கொஞ்சம் பெரிதாக இருந்தன. சுமியாத்தி எதையோ சொல்லிச் சிரித்தார், கண்ணையும் துடைத்தார். லெஸ்தாரி தயங்கினாள். தாய் சொல்லச் சொல்லித் தோளில் தட்டினார். "அம்மா இதிலை நிப்பாட்டினவா. விதானைக் கடிதம் வரேல்லை. பயம். மாப்பிள்ளைக்கு அங்கை வேறை மனுசி இருக்கு, பிள்ளை இருக்கு எண்டு நினைச்சவா. மெழுகு அடுப்பை அணைச்சுப் போட்டு இருந்தவா. கடிதம் வந்த பிறகு திரும்பத் தொடங்கினவா. அதுதான் கை மாறினது. அம்மா சொல்லுறா, உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னியுங்கோ எண்டு."

அந்தக் கடிதம் ஏன் ஒன்றரை மாதம் பிந்தியது என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். சுமியாத்தி எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! பாஷை தெரியாத வீட்டில், சம்பந்திக்கு முன்னால், தன் சந்தேகத்தைத் துணியில் விரல் வைத்துக் காட்டிவிட்டார். நான் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். "எல்லாருக்கும் தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனேன்.

நீங்கள் போய் மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அண்டைக்கே தெரியும். வாளி விளிம்பிலை மெழுகு ஒட்டியிருந்தது" என்றார்.

"பின்னை ஏன் அண்டைக்கு ஓம் எண்டனீர்?"

"கலியாண வீட்டிலை உங்களைப் பொய்யன் எண்டு சொல்லச் சொல்லுறியளோ? நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்தனான். வேப்பமரத்துக்குக் கீழையும் பாத்தனான்."

"இப்ப சொல்லிப்போட்டன் தானே."

"எனக்குச் சொல்லி என்ன? எனக்குத் தெரிஞ்ச கதையைத்தான் சொல்லுறியள். அந்த மனுசி என்னைத் துணி தோய்க்கத் தெரியாதவள் எண்டு நினைச்சுக்கொண்டு போட்டா. அவாவுக்குச் சொல்லுங்கோ."

ஊறப்போட்ட துணியில் ஒரு மூலை மட்டும் எப்படி வெளுக்கும் என்று சுமியாத்தி யோசிக்காமல் இருந்திருப்பாரா? எனக்கு அதிலும் சந்தேகம். வாழ்க்கை முழுக்கச் சாயத்தோடு இருப்பவர். தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றினாரோ, தெரியாமல் அம்மாவுக்காக இரங்கினாரோ, எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் சொல்லத் தேவையில்லை என்று ஒரு நாள் முழுக்க எனக்குள்ளேயே வழக்காடிப் பார்த்தேன். அது அந்தக் கடைக்காரனின் வழக்கு. இனி அது வேண்டாம்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். லெஸ்தாரியின் மேல் உனக்குச் சந்தேகம் வரும். அவளுக்கும் உன்மேல் வரும். வேறு பாஷை, வேறு ஊர், வராமல் இராது. வந்தால் முகத்துக்கு நேரே கேள். அது முடியாவிட்டால், அவளுடைய தாயைப்போல் அடுப்பை அணைத்துவிட்டு, ஏன் அணைத்தேன் என்று பிறகாவது சொல். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் கொதிக்க வைக்காதே. கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டால் வீட்டில் ஒரு நாள் சண்டை வரும். கேட்காமல் சோதித்தால், நீ சரி என்று தெரிந்தாலும் பிழை என்று தெரிந்தாலும், கையில் மிஞ்சுவது பழுதான ஒரு துணிதான்.

இப்போது உனக்கு ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, சுமியாத்தி ஆறுதலாக இருக்கும் நேரம், இந்தக் கடிதத்தை அவருக்கு வாசி. நீ தமிழில் வாசி, லெஸ்தாரி அவர்களுடைய பாஷையில் சொல்லட்டும். முல்லைத்தீவுக்காரரையும், விதானையார் லீவு என்று சொன்ன பொய்யையும், வாளியைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தையும் விடாதே. அப்பாவின் மரியாதை என்று நினைத்து நீ பாதியை விழுங்கிவிடுவாய் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் அன்று பின்னேரமே நாங்கள் வீடியோவில் வருவோம். கடிதத்தில் என்ன இருந்தது என்று அம்மா சுமியாத்தியிடம் கேட்பார், லெஸ்தாரி மொழிபெயர்ப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன். தேத்தண்ணி போட எழும்ப மாட்டேன்.

நேரம் காணாவிட்டால், இதில் எதை விட்டாலும் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடு: உன் அம்மாவுக்குத் துணி தோய்க்கத் தெரியும்.

அன்புடன்,
அப்பா